நூல் கோக்காத மிஷின்

"ஷ்ஷ்... சத்தம் போடாம வாம்மா. இங்க வந்து பாரு, மடங்குது!"

வாசல்லயே பிசியோ பொண்ணை மறிச்சுட்டாரு வாத்தியார். கம்பை ஊனிக்கிட்டு அவரே முன்னால போனாரு.

உள்ள கட்டில்ல அவரு சம்சாரம் டெய்லரம்மா மல்லாந்து தூங்கிக்கிட்டு இருந்தாங்க. முழங்கால் மூட்டு மாத்தி ஒன்றரை மாசம் ஆகுது. முழிச்சிருக்கும்போது, "ஐயோ, இதுக்கு மேல வராது"ன்னு அலறுவாங்க. அதே கால் இப்ப போர்வைக்குள்ள மெதுவா மடங்குது, நீளுது, மறுபடி மடங்குது.

"கனவுல மிஷின் மிதிக்கிறாங்க சார்," பிசியோ பொண்ணு கிசுகிசுத்தா.

"அதான் எனக்கும் தோணுச்சு. எத்தனை வருஷம் இந்த ரூம்ல யூனிபார்மா தைச்சுத் தள்ளின கால்! முழிச்சா ஒரு செங்கோணம்கூட வரமாட்டேங்குதே." கணக்கு வாத்தியார் இல்லையா, கவலையும் கணக்காத்தான் வரும். "ஏம்மா, அடுத்த தடவை டாக்டர் பாக்கும்போதும் மடங்கலைன்னா?"

"மயக்கம் குடுத்து, அழுத்தி மடக்குவாங்க சார்."

வாத்தியார் கட்டில் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "நாள் முழுக்க ஊசியோட குடும்பம் நடத்தினவதான். ஆனா டாக்டர் ஊசின்னா நடுங்குவா. வேற வழியே இல்லையா?"

மூலையில துணி போத்தி நின்ன பழைய மிதி மிஷினைப் பிசியோ பொண்ணு பாத்தா. "அந்தச் சத்தம் காதுல விழுந்தா இன்னும் நல்லா மிதிப்பாங்களோ என்னவோ. அவங்க தூங்குறப்ப நீங்க ஓட்டிப் பாருங்களேன்."

"நானா?"

"யாராவது மிதிச்சாத்தானே சார் ஓடும். ஆனா, உங்க..."

"என் கதை கிடக்கட்டும்மா. மொதல்ல இவளைப் பாப்போம்."

அன்னைக்கு மத்தியானத்துல இருந்து அதே வேலை. ஜன்னல் திரை காத்துல உப்பி உப்பி அடங்கும். ரூமே தண்ணிக்கடியில கிடக்கிற மாதிரி ஒரு பச்சை வெளிச்சம். வாத்தியார் ஸ்டூல்ல உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிப்பாரு. நூல் கோக்கத் தெரியாது. வெறும் ஊசி, பழைய பெட்ஷீட் மேல ஓடும். கடகடன்னு அந்தச் சத்தத்துக்கு, கட்டில்ல அந்தக் காலும் மடங்கும். ரெண்டு பேரும் ஏதோ ஒரு ரயில்ல, ஊரே தெரியாத ஒரு ஊருக்குப் போயிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும் அவருக்கு.

ஒருநாள் டெய்லரம்மா தூக்கத்துலயே முணுமுணுத்தாங்க. "ஏன் அவ்வளவு தள்ளி உக்காந்திருக்க? ஸ்டூலை உள்ள இழு. பாதத்தைப் பின்னால வை. தையல் கோணுது பாரு."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'கனவுலயும் தையல் கத்துக்க வந்த எவளையோ போட்டு வாட்டுறாளே!'

ஆனாலும் ஸ்டூலை உள்ள இழுத்துக்கிட்டாரு. உயிர் போற வலி. கண்ணுல தண்ணி முட்டுச்சு. நிறுத்தினா அங்க கட்டில்ல கால் நின்னுடுமே? மிதிச்சாரு.

மறுநாளும், "இன்னும் உள்ள..."ன்னு முணுமுணுப்பு. இன்னும் உள்ள இழுத்துக்கிட்டாரு.

சாயங்காலம் பெட்ஷீட்டை ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. ஊசி போட்ட ஓட்டை வழியா வெளிச்சம் பொடிப்பொடியா நட்சத்திரமாத் தெரியும்.

டாக்டர்கிட்ட போற நாளும் வந்துச்சு. டாக்டர் டெய்லரம்மா காலைப் பிடிச்சு மடக்கினாரு. எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாம மடங்குச்சு.

"அப்பாடா!" வாத்தியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "அப்ப மயக்க ஊசி வேண்டாமே டாக்டர்?"

"இவங்களுக்கா? இவங்க கால் ஆரம்பத்துல இருந்தே நல்லாத்தானே மடங்குது! மயக்கத்துக்கு நாள் குறிச்சு வச்சிருக்கிறது உங்களுக்கு சார். இவங்களுக்கு முன்னாடியே உங்களுக்கு மூட்டு ஆபரேஷன் ஆச்சு. பிசியோ பொண்ணைக் காலைத் தொடவே விடமாட்டேங்கிறீங்களாமே? படுங்க, பாப்போம்."

வாத்தியார் படுத்து, கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. டாக்டர் மடக்கினாரு. கால் மடங்கிச்சு, மடங்கிக்கிட்டே போச்சு.

"அட, என்ன சார் இது! யார் குடுத்தாங்க இந்தப் பயிற்சி?"

வாத்தியார் கண்ணைத் திறந்து சம்சாரத்தைப் பாத்தாரு. நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கிக்கிட்டே டெய்லரம்மாதான் பதில் சொன்னாங்க.

"எனக்கு மத்தியானத்துல தூக்கமே வர்றதில்ல டாக்டர்."