மாமனாரின் ஆன்டெனா

“இதுல துணி காயப்போடலாம் மாப்பிள்ளை, பேச முடியாது!”

மரக்கிளையில் மாப்பிள்ளை கட்டியிருந்த ஒயரைப் பார்த்துத்தான் மாமனாருக்கு அந்த நக்கல். சங்கத்தார் சிரித்தார்கள்.

வெள்ள மீட்புப் பைகளில் வைக்க எந்த ஆன்டெனா வாங்குவது என்று அமெச்சூர் ரேடியோ சங்கம் அன்று பூங்காவில் முடிவு செய்ய இருந்தது. ரேடியோ ஒன்றுதான், அதுவும் ஐந்தே வாட். அதன் முன்பக்கம் மாமனார் தேர்ந்தெடுத்த, நீட்டி மடக்கும் கம்பி, பின்பக்கம் மாப்பிள்ளையின் ஒயர். எது வேலை செய்வது என்பதை ஒரு பொத்தான் தீர்மானிக்கும்.

முதல் முறை மாமனாருக்கு. அரை மணி நேரம் கூப்பிட்டும் பதிலே இல்லை. வியர்த்துப்போய், எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டார். எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, “தெளிவா கேக்குது சார்!” என்றது ஒரு குரல்.

ஒரே கைதட்டல்.

“பாத்தீங்களா? எங்க வீட்டுத் தேர்வு சோடை போகுமா?”

மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்ப இந்தக் கம்பியையே இருபது வாங்கிடலாம்,” என்று செயலாளர் எழுதத் தொடங்கினார்.

ரேடியோவை அணைக்கக் குனிந்த மாமனார், பொத்தான் பின்பக்க ஒயருக்கு மாற்றப்பட்டிருப்பதைக் கண்டார்.

“நீங்களா மாத்தினீங்க?” என்று மாப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டார்.

“எல்லார் முன்னாடியும் நம்ம வீட்டு மானம் போயிடக் கூடாதுன்னுதான் மாமா. செயலாளர்கிட்ட நான் அப்புறம் தனியா சொல்லிக்கிறேன்.”

மாமனாருக்குக் காதுமடல் வரை சுட்டது.

“எழுதாதீங்க சார்,” என்றார் உரக்க. “பேசினது என் கம்பி இல்ல. மாப்பிள்ளையோட ஒயரு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.