இரண்டு தட்டு

வியட்நாமில் சைகோன் வீழ்ந்து சில வருஷங்களில், நியாத்ராங் நகருக்குப் பயணிகளை இழுத்த பழைய நீராவி எஞ்சினை உடைக்கும் வேலை கப்ரியேலுக்கு வந்தது. ஒரு காலத்தில் அதன் கொதிகலன் ஆணிகளை வெளியிலிருந்து சுத்தியலால் தட்டிச் சோதித்தவன் அவன்தான். நெருப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி ழான், ஆணி சரியென்றால் ஒரு தட்டும் சந்தேகமென்றால் இரண்டு தட்டும் பதில் கொடுப்பான். கப்ரியேலுக்கு எப்போதும் இரண்டுதான். "உன் காது செவுடுடா, திரும்பத் தட்டு" என்று ஆட்கள் முன்னால் சிரிப்பான். போன வருஷம் ழான் செத்தபோது அவன் குழியில் கப்ரியேலும் ஒரு பிடி மண் போட்டான்.

பழக்கதோஷத்தில் ஓர் ஆணியைத் தட்டினான். உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

கதவைத் திறந்து பார்த்தான். சாம்பல்தான் இருந்தது.

"செத்தும் திருந்தலையா நீ?"

விறகை உள்ளே அடுக்கிக் கொளுத்தி, கதவைத் தாழிட்டான். தட்டுகள் எண்ண முடியாமல் வந்தன. கப்ரியேல் சுத்தியலை எடுத்து, நிதானமாக ஒரே ஒரு தட்டு தட்டினான்.