மிஞ்சிய நாற்று

ஒரகடம் தொழிற்சாலையின் எச்.ஆர். ராஜசேகர், சொல்லாமல் கொள்ளாமல் வேல்ராஜின் வாடகை வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஷிப்ட் முடிஞ்சதும் லைன் பசங்க ரூம் ரூமா போய்க்கினு இருக்கியாமே? சங்கம் கிங்கம்னு ஏதாவது இருந்துச்சு, நாளைக்கு நீ கேட்டுக்குள்ள வர முடியாது."

வேல்ராஜின் மனைவி சுகப்பிரியா முந்திக்கொண்டாள்.

"நீங்களே பாருங்க சார். நாலு பாக்கெட் தக்காளி விதையையும் இவிய மொத்தமாத் தூவிட்டாவ. அம்புட்டும் மொளச்சி நிக்கி. வீட்டுல நடக்க எடமில்ல. யாருக்காவது குடுத்துட்டு வாங்கன்னு நாந்தான் தெனமும் வெரட்டுதேன்."

வாசலிலிருந்து சமையலறை வரை தட்டுத் தட்டாக டீ கப்புகளில் நாற்றுகள். ராஜசேகர் சிரித்துவிட்டார்.

"இதுக்காடா இந்த அலைச்சல்? எனக்கும் ரெண்டு குடு."

அவரே ஒரு தட்டைத் தூக்கக் குனிந்தார்.

"அது ஒரே சேறு சார்!" என்று சுகப்பிரியா வேறு இரண்டு கப்புகளை அவர் கையில் திணித்தாள்.

பைக் சத்தம் தேய்ந்தது. வேல்ராஜ் அந்தத் தட்டின் அடியிலிருந்து சங்கத்தின் உறுப்பினர் படிவங்களை உருவினான்.

"இன்னும் எத்தன பேரு கையெழுத்து போடணும்?" சுகப்பிரியா கேட்டாள்.

"முப்பது."

"நாத்து நாப்பது இருக்கு. கெளம்புங்க."