கடல் பார்த்த வீடு

“இன்னிக்கும் கார் ஏறிப் போயாச்சு, பாருங்க. எல்லாத்துக்கும் கொடுத்து வச்சிருக்கணும்” என்றாள் ஜெஸ்மி.

ஷைன் மணலில் போட்ட சாய்வு நாற்காலியில் படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல் கேட்டான். “யாரு?”

“அந்த டாக்டர் அங்கிள்தான்.”

டாக்டர் மகேந்திரராசாவும் அவர் மனைவி பவதாரணியும் நியூவார்க்கில் விமானம் ஏறும்போது அறிமுகமானவர்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், நியூஜெர்சிக்கு வந்து வெகுகாலம் ஆனவர்கள். மெக்சிகோவின் அகபுல்கோ கடற்கரையில் ஒரே ஓட்டல்தான் என்று தெரிந்ததும், தமிழ் பேச ஒரு துணை கிடைத்ததே என்று ஜெஸ்மி மகிழ்ந்துபோனாள். அந்த மகிழ்ச்சி அறைச் சாவி கைக்கு வரும்வரைதான். டாக்டருக்குக் கடலைப் பார்த்த அறை. இவர்களுக்குக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறை.

கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் வெக்கேஷன். ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை என்று ஷைன் சனி, ஞாயிறுகூட ஜெர்சி சிட்டி ஆபீசிலேயே கிடந்தான். வந்த இடத்திலும் தூங்கித் தீர்க்கிறான்.

“தினம் காலைல ஒரு ஆள் கார்ல வந்து அங்கிளைக் கூட்டிட்டுப் போறான். மத்தியானம் கொண்டுவந்து விடறான். எதுக்குன்னு நினைக்கிறீங்க?”

“ரியல் எஸ்டேட் ஏஜெண்டா இருக்கும். பீச் பக்கம் காண்டோ வீடு விக்கிறாங்கன்னு லாபில போர்டு வச்சிருக்கானே, பார்க்கலை? டாக்டருங்க எல்லாம் இப்படித்தான் வாங்கிப் போடுவாங்க.”

ஜெஸ்மிக்கு வயிறு எரிந்தது. “அவங்களுக்குக் கடல் பார்த்த வீடு. எனக்கு நம்ம மான்மவுத் ஜங்ஷன் வீட்லயும் பார்க்கிங் லாட், இங்கயும் பார்க்கிங் லாட்.”

“ஆரம்பிச்சிட்டியா?” ஷைன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் எழுந்து போனாள். கொஞ்ச தூரத்தில், ஓலைக்குடையின் கீழே பவதாரணி ஆன்ட்டி சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே வைத்த சாப்பாடு தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. ‘பணம் இருந்து என்ன, அனுபவிக்கத் தெரியலையே’ என்று ஜெஸ்மி மனதுக்குள் நொடித்துக்கொண்டாள்.

பேச்சுக் கொடுத்தும் பதில் சரியாக வரவில்லை. மத்தியானம் டாக்டர் ஷூவோடு மணலில் நடந்து வந்தார். ஆன்ட்டி சட்டென்று எழுந்துவிட்டார்.

“என்னவாமப்பா?”

“இல்லையப்பா. இண்டைக்கும் இல்லை.”

“முருகா!” ஆன்ட்டி இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

டாக்டர் முகம் கழுவப் போனதும் ஜெஸ்மி அருகில் வந்து உட்கார்ந்தாள். “கவலைப்படாதீங்க ஆன்ட்டி. நாளைக்குக் கண்டிப்பா கிடைச்சிடும். நான் பிரேயர் பண்றேன்.”

ஆன்ட்டி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். “வேண்டாம் பிள்ளை! அப்பிடி மட்டும் மன்றாடாதேங்கோ. கிடைக்கக் கூடாது.”

ஜெஸ்மி எழுந்துகொண்டாள். சாப்பிடும்போது ஷைனிடம் பொரிந்து தள்ளினாள். “அந்த நல்ல மனுஷன் வெயில்ல அலையறாரு. இந்தம்மா என்னடான்னா, கிடைக்கவே கூடாதாம்! கொழுப்பு இல்லாம வேற என்ன?”

மறுநாள் கார் சீக்கிரமே திரும்பிவிட்டது. டாக்டரோடு அந்தக் கார்க்காரனும் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பேரம் முடிந்துவிட்டது என்று ஜெஸ்மிக்குப் புரிந்துவிட்டது. ஆன்ட்டியின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குரூர ஆசை. மணலில் ஓடிப்போய் முதல் ஆளாக டாக்டரை மறித்தாள்.

“கிடைச்சிடுச்சா அங்கிள்?”

அவர் அவளை யாரோ போலப் பார்த்தார். “ஓம் பிள்ளை. கிடைச்சிட்டுது.”

“கங்கிராஜுலேஷன்ஸ் அங்கிள்!” அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. அவளைத் தாண்டி, ஓலைக்குடையடியில் எழுந்து நின்ற மனைவியைப் பார்த்தார்.

“தாரணி, ஊர்ச் சண்டைக்குத் தப்பி அமெரிக்காவுக்கு எங்களிட்ட வாறதுக்கெண்டு இந்தக் கடல் வழியாக் களவா வள்ளம் ஏறினானெல்லே உன்ர தம்பி... இவ்வளவு நாளும் கரையொதுங்கின பிரேதமெல்லாம் ஆஸ்பத்திரியில பாத்து ‘இல்லை, இல்லை’யெண்டு வந்தன். இண்டைக்குக் கிடந்தது அவன்தானப்பா.”