நீலமாகாத படம்

அன்று ஆறு கறுப்பாக ஓடியதா சிவப்பாக ஓடியதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. புகைப்படங்களைப் பார்த்தும் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் எந்தக் கேமராவும் ஆற்றை நீலமாக மாற்றித்தான் எடுக்கிறது.

என் பதினைந்து வயது மகள் கோகிலவாணி, ஆற்று நீரையே மையாகத் தொட்டு முந்நூறு தாள்களில் ஒரே மீனை அசைவு அசைவாக வரைந்திருந்தாள். சாயப்பட்டறை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், அவற்றைக் கட்டைவிரலால் சரசரவென்று தள்ளிக் காட்டினாள். மீன் துடித்தது, புரண்டது, அடங்கியது.

"போன்ல எடுத்து அனுப்பிரு பாப்பா, பாத்துக்கறோம்" என்றார் அதிகாரி.

"எடுத்தா இதுவும் நீலமாயிருமுங்க சார். எந்திரிச்சு வந்து பாருங்க. மூக்கைப் பொத்தாமப் பாருங்க."

அந்தப் பட்டறையில்தான் நான் மேஸ்திரி. முதலாளி என் பக்கம் திரும்பினார். "உம்புள்ளைய உக்காரச் சொல்லப்பா."

 நான் எழுந்துபோய், கை வலித்து நின்றவளிடமிருந்து தாள்களை வாங்கி, முதலிலிருந்து தள்ளிக் காட்டினேன். ஊர் வரிசையில் வந்து பார்த்தது.

பட்டறை விரியவில்லை, மூடவும் இல்லை. அதிகாரியை மாற்றிவிட்டார்கள். எனக்கு வேலை போயிற்று. அதற்காகவே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கோகிலவாணி, ஆற்றோர ஊர்களில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறாள்.