கூப்பிடும் பெயர்

நர்ஸ் எலிசாள், மயங்கிக் கிடந்த கிழவரின் நெஞ்செலும்பில் விரல்முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை.

"வெங்கடசுப்ரமணியன்!" என்று காதோரம் குனிந்து கூப்பிட்டாள்.

கண் திறக்கவில்லை.

பக்கவாதம் வந்து ஆண்கள் வார்டில் சேர்த்ததிலிருந்து அப்படித்தான் கிடக்கிறார். கூப்பிட்டாலும் முழிக்காத ஆளை இங்கே வைத்திருந்து ஆவதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டு போகட்டும் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். பெண்கள் வார்டை முடித்துக்கொண்டு வந்து கடைசியாக ஒரு தரம் பார்ப்பார். இந்தக் கட்டிலுக்காக வெளி வராந்தாவில் ஒருவன் பாயை விரித்துக் காத்துக் கிடந்தான்.

வீடு என்றால் கரமனையில் ஆற்றை ஒட்டிய அக்ரகாரத் தெரு. அங்கே அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும், மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் விடவும் மனைவி வாலாம்பாள் மாமி ஒருத்திதான். தண்ணீர்க் கூஜாவைத் தூக்கினாலே அவளுக்குக் கை நடுங்கியது.

வீட்டுக்குப் போனால் அவர் தாங்கமாட்டார் என்று எலிசாளுக்குத் தெரியும். மாமிக்கும் தெரிந்திருக்கும். காலையிலிருந்து கூஜாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"வெங்கடசுப்ரமணியன்!"

அடுத்த கட்டிலில் மஞ்சள் காமாலையோடு கிடந்த வேலாயுதன் தலையைத் தூக்கினான். விழிஞ்ஞத்தில் சாயாக்கடை வைத்திருப்பவன்.

"இத்தற நீளத்துக்கு விளிச்சா நல்லா இருக்கிற ஆளே பாதியில உறங்கிப் போவான், சிஸ்டரே."

எலிசாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்தப் பெயரையே மாமியிடமிருந்து லேசில் வாங்க முடியவில்லை. சேர்க்கும்போது கேட்டதற்கு, "திருப்பதியில இருக்கிறவர் பேர் முன்னாடி, பழனியில இருக்கிறவர் பேர் பின்னாடி" என்றாள். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். புருஷன் பெயரை மாமி கடைசிவரை வாயால் சொல்லவில்லை.

எலிசாள் போன மாதம் வரை குழந்தைகள் வார்டில் இருந்தவள். அங்கே காய்ச்சலில் மயங்கிக் கிடக்கிற பிள்ளை நர்ஸ் கூப்பிட்டு முழிக்காவிட்டால், அம்மாவைக் கூப்பிடச் சொல்வார்கள். வீட்டில் கூப்பிடுகிறபடி. குஞ்சு, மக்கா, தக்காளி, எதுவானாலும் சரி. பல பிள்ளைகள் அதற்குத்தான் முழிக்கும்.

பெரியவர்கள் வார்டில் அந்த வழக்கம் இல்லை.

"மாமி, நீங்க ஒருக்கா கூப்பிடுங்க."

"நானா? பேர் சொல்லியா?"

"பேர் வேண்டாம். வீட்டில எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படி. சத்தமா."

வாலாம்பாள் சுற்றிலும் பார்த்தாள். கட்டிலுக்குக் கட்டில் அந்நிய ஆண்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூஜாவைக் கீழே வைத்தாள்.

பிறகு, அடுக்களையிலிருந்து வாசலுக்கு எட்ட வேண்டிய குரலில் கூப்பிட்டாள்.

"அனந்தா!"

கிழவரின் இமை துடித்தது.

"அனந்தா, இலை போட்டாச்சு!"

கண் திறந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தது.

எலிசாளுக்குப் புரிந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் அவள் அம்மாவும் இப்படித்தான். "எலிசா" என்று கொல்லையைப் பார்த்துக் கத்துவாள். எலிசாள் ஓடிப் போய் நின்றால், "உன்னை ஆரு விளிச்சா? அப்பாவையில்லா விளிச்சேன்" என்பாள். பிள்ளையின் பெயரைச் சொன்னால் கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்.

டாக்டர் வந்தார். நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"அனந்தா!" என்றாள் எலிசாள்.

கிழவரின் கண் திறந்து, அவளைத் தாண்டி மாமியைத் தேடிப் போனது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தன் விரலைப் பிடிக்கச் சொன்னார். இடது கை மெல்லப் பிடித்தது. சரி, இங்கேயே கிடக்கட்டும், மருந்து தொடரட்டும் என்றார். அது மகன் பெயர் என்று எலிசாள் சொன்னதும், அவனை வரவழைக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவர் வார்டை விட்டுப் போகும்வரை வேலாயுதன் பொறுத்திருந்தான்.

"மகன் எங்கே மாமி, பம்பாயிலயா? பேரைக் கேட்டே அப்பன் கண்ணு முழிச்சாச்சு. ஆளு ஒருக்கா வந்து நோக்க வேண்டாமா?"

எலிசாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அட்ரஸ் சொல்லுங்க மாமி. தந்தி அடிக்க ஆள் விடுறேன்."

வாலாம்பாள் கணவரின் கடைவாயில் வழிந்ததைத் துணியால் ஒற்றினாள்.

"பேர் வெச்ச அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தான்" என்றாள். "வாய் நிறையக் கூப்பிடக்கூட இல்லை. அத்தனை நல்ல பேர் வீணாப் போறதேன்னு ஒருநாள் அடுக்களையில நின்னுண்டு கூப்பிட்டேன். இவர் ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேட்கலை. இதோன்னு எழுந்து வந்துட்டார். அப்புறம் அதுவே பழகிப் போயிடுத்து."

துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

வேலாயுதன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கிழவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் ஆகியிருந்தது. இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். எலிசாள் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்லாமல் புரட்டக் கூடாது.

வாயைத் திறந்தவள், நிறுத்தி, மாமியைப் பார்த்தாள்.

கூப்பிடு என்பதுபோல் மாமி தலையசைத்தாள்.