வலி கழுத்துலதானே?

"பாபா, வலி உங்க கழுத்துலதானே இருக்கு? அப்புறம் ஏன் என்மேல கோவம்?"

ஐந்து வயது மகள் தீமா இதைக் கேட்டபோது, அவள் ஆசையாகக் கொண்டுவந்த தண்ணீர்க் குவளையை நிமர் தட்டிவிட்டிருந்தான். மறுநாளே மனைவி அரீஜ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸல்ட் ஊரிலிருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அதே வீட்டின் கூடத்தில், அவளைத் திரும்ப அனுப்பும்படி கேட்க, நிமர் தன் சித்தப்பா ரஜாவோடு உட்கார்ந்திருந்தான். மைத்துனன் சுஹைப் ஊற்றி வைத்த காப்பி இருவர் முன்னாலும் அப்படியே இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, கேட்டு வந்த காரியத்துக்குச் சம்மதம் கிடைக்கும்வரை வந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. குடிக்காமல் எழுந்தால் உறவு அதோடு முடிந்தது.

"குடிங்க" என்ற ஒரு சொல் மாமனார் அபூ சுஹைபின் வாயிலிருந்து வரவில்லை.

"வண்டி மோதி மாசக்கணக்கா ஆச்சு மாப்பிள்ளை. எலும்பு முறியல, படத்துல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கழுத்த வச்சே காலம் தள்ளுவீங்க?"

"தலை சுத்துது மாமா. காதுக்குள்ள இரைச்சல் நிக்க மாட்டேங்குது. வெளிச்சம் பட்டா பிடரி தெறிக்குது. எதுக்குக் கத்துறேன்னு எனக்கே தெரியல. கத்தி முடிச்சதும் அழுகையா வருது."

"அழுகை வேறயா? நல்லதாப் போச்சு. எம் பொண்ணுக்குத் துணைக்கு ஆளாச்சு!"

ரஜா சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அடிபட்டவன், அபூ சுஹைப். தொழுது முடிச்சு ரெண்டு பக்கமும் சலாம் சொல்லக்கூடக் கழுத்து திரும்பல. உடம்போட சேர்ந்து திரும்புறான். பக்கத்துல நிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அடிச்சது யாரு? இவரேதானே லாரிக்குப் பின்னால கொண்டுபோய் மோதினாரு! ஓடிப்போய்ப் பார்த்தவன் நான், ரெண்டு பேரும் கீழ இறங்கி நிக்கிறாங்க. வண்டி பூரா ஆரஞ்சுத் தோலு. இவரு ரெண்டு கையிலயும் சாறு வழியுது. சீட்டுல பாதி உரிச்ச பழம். இதுதான் வண்டி ஓட்டுற லட்சணமா? பக்கத்துல எம் மகன் இருந்தான். மறுவாரம் அவன் ஸ்கூல் பஸ் டிரைவரா வேலைல சேரணும். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

சுஹைப் காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனான்.

கதவுக்கு அப்பால் தீமா எதையோ பாடிக்கொண்டிருந்தாள். நிமர் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப நினைத்தான். பிடரி இழுத்தது; விட்டுவிட்டான்.

அபூ சுஹைபின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி. கடைசியா ஒண்ணு. கழுத்த சாக்கு சொல்றத இன்னியோட விடுங்க. ஸ்டியரிங்க விட்டது எந் தப்புதான்னு அல்லாஹ் மேல ஆணையா சொல்லுங்க. காப்பியக் குடிச்சிட்டு எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

"அவ்வளவுதானே? சொல்லுடா!" சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "போலீஸ்லயே ஒத்துக்கிட்டதுதானே?"

நிமர் முன்னாலிருந்த காப்பியைப் பார்த்தான்.

"போலீஸ்ல சொன்னேன், மாமா. அல்லாஹ் மேல ஆணையா என்னால சொல்ல முடியாது."

"பார்த்தீங்களா ரஜா, திமிர!" அபூ சுஹைப் எழுந்துவிட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது நிமருக்குத் தெருவே சுழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தப்பா முழங்கையைத் தாங்கி அவனைக் காரில் உட்காரவைத்தார். "ஒரு வார்த்தைடா… ஒரே வார்த்தை," என்று முனகிவிட்டு, அவனுக்குத் தண்ணீர் வாங்க முனைக்கடைக்குப் போனார்.

நிமர் கண்ணை மூடினான். 'யா அல்லாஹ், என்னால் அந்த வீட்டில் யாரும் யாரையும் வெறுக்காமல் இருக்கட்டும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டான்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. சின்னக் கை ஒன்று அவன் பிடரியை மெல்லத் தொட்டது.

"திரும்ப வேணாம் பாபா. நானே முன்னால வரேன்."

தீமா இருக்கைகளுக்கு நடுவே புகுந்து அவன் மடியில் விழுந்தாள். பின்னாலேயே அரீஜ், கையில் துணிப்பையோடு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அரீஜ்! உங்க அப்பா…"

"என் வீட்டுக்குப் போறேன்னு மட்டும்தான் அவர்கிட்ட சொன்னேன். ஏன்னு சொல்லல. சொல்லவும் மாட்டேன்." அவள் குரல் உடைந்தது. "தம்பி அடுப்படியில என் காலைப் பிடிச்சிக்கிட்டு அழுதான்."

"எதுக்கு?"

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

"அன்னிக்கு வண்டி ஓட்டினது அவனாமே!"